இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தும் டிரெய்லர் பேட்டரி ஏன் காலியாகிறது?

கேள்வி இதுதான்: “பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். சின்னதாக ஒரு கேரவன் டிரெய்லர் வாங்கி, எங்கள் எஸ்யூவியில் இழுத்துக்கொண்டு ஏற்காடு போனோம். விடிகாலையில் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் போட்டிருந்தோம். போய்த் திறந்தால் பால் திரிந்திருக்கிறது, டிரெய்லர் பேட்டரியும் காலி, தண்ணீர் பம்ப்கூட ஓடவில்லை. இன்ஜின்தான் ஓடிக்கொண்டே இருந்ததே, கரன்ட் எங்கே போனது? பேட்டரியைப் பெரிதாகப் போட்டால் சரியாகுமா?”

பேட்டரியைப் பெரிதாக்கினால் சரியாகாது. காலியாவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். உங்கள் காரில் கரன்டுக்குக் குறைவில்லை. பானெட்டுக்குள் இன்ஜினோடு சுற்றிக் கரன்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து டிரெய்லரின் ஃப்ரிட்ஜ் வரை அது வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல். வந்து சேராத பங்கை ஃப்ரிட்ஜ் டிரெய்லர் பேட்டரியிலிருந்து இழுத்துக்கொண்டது.

முதலில் எது எதிலிருந்து ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். டிரெய்லருக்குள் இரண்டு தனித்தனி மின்சாரம் உண்டு. ஏசி, மைக்ரோவேவ், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் எல்லாம் 230 வோல்ட். முகாமிலோ வீட்டு வாசலிலோ கேபிள் செருகினால்தான் அவை ஓடும். இல்லையென்றால் ஜெனரேட்டரோ இன்வர்ட்டரோ வேண்டும். உள்ளே எரியும் விளக்கு, தண்ணீர் பம்ப், கூரை ஃபேன், ஃப்ரிட்ஜின் 12 வோல்ட் பகுதி ஆகியவை டிரெய்லர் பேட்டரியைச் சேர்ந்தவை. பின்னால் எரியும் டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் கார் பிளக்கிலிருந்து நேரடியாக எரிகின்றன, டிரெய்லர் பேட்டரிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. சக்கரம் சுற்றுவதால் டிரெய்லர் தானாகக் கரன்ட் தயாரிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரண டிரெய்லர் அச்சில் அப்படி எதுவும் கிடையாது. ஓடும்போது டிரெய்லருக்கு வரும் கரன்ட் எல்லாம் காரின் பின்னால் தொங்கும் அந்த ஒரு பிளக் வழியாகத்தான் வருகிறது. கூரையில் சோலார் இருந்தால் அது மட்டும் தனிக் கணக்கு.

அந்தப் பிளக்கில் இரண்டு வகை அதிகம். 7 பின் பிளக்கில், விளக்குகளுக்கு மட்டும் கரன்ட் தரும் வகையும் உண்டு, ஒரு பின்னில் பேட்டரிக்கு 12 வோல்ட் அனுப்பும் அமெரிக்க வகையும் உண்டு. ஐரோப்பிய 13 பின் பிளக்கில் ஏற்பாடு தெளிவானது: 9ஆவது பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், 10ஆவது பின்னில் சாவி போட்டால்தான் வரும், அவற்றுக்கான நெகட்டிவ் 13, 11. அந்த முறையில் ஃப்ரிட்ஜைப் பத்தாவது பின்னில் தனியாகக் கட்டிவிடலாம், அது டிரெய்லர் பேட்டரியைத் தொடவே தொடாது. உங்கள் பேட்டரி காலியானதைப் பார்த்தால், உங்கள் டிரெய்லரில் ஃப்ரிட்ஜும் பேட்டரியும் ஒரே லைனில் சேர்ந்து இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டிரெய்லர்களில் வரும் ஃப்ரிட்ஜ்களில் பழைய வகை, கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ். உங்களுடையதும் அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். 12 வோல்ட்டில் அதற்குள் இருப்பது வெறும் ஹீட்டர் கம்பிதான். சூடாக்கித்தான் அது குளிர்விக்கிறது. சின்ன ஃப்ரிட்ஜுக்கு அந்த ஹீட்டர் ஏறத்தாழ 130 வாட். “130 வாட் தானே, ரெண்டு பழைய குண்டு பல்பு அளவு” என்று ஒயரிங் செய்பவர் சொல்வார். வாட்டைப் பார்க்காதீர்கள், ஆம்பியரைப் பாருங்கள். வீட்டில் ஒன்றரை டன் ஏசி 1500 வாட் எடுக்கிறது. 230 வோல்ட்டில் அது 7 ஆம்பியருக்குள் அடங்கும். இந்தச் சின்ன ஃப்ரிட்ஜ் 130 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 11 ஆம்பியர் இழுக்கிறது. வீட்டு ஏசியைவிட அதிகம். அந்த ஏசிக்கு நாம் 4 ஸ்கொயர் (அதாவது 4 சதுர மி.மீ. தடிமன்) ஒயர் போடுகிறோம். டிரெய்லருக்குப் போடப்படுவது பெரும்பாலும் ஒன்றரை ஸ்கொயர்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். காரின் பேட்டரியிலிருந்து பின்பக்க ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இடம்) வரை, அங்கிருந்து டிரெய்லருக்குள் ஃப்ரிட்ஜ் வரை, ஒரு வழி 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 20 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் செம்பு ஒயரில் இந்த நீளத்துக்கு மின்தடை 0.23 ஓம். 11 ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 230 வோல்ட் வீட்டில் இரண்டரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஹீட்டரின் வாட் வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அடி இன்னும் பலமாக விழுகிறது. ஆல்டர்னேட்டர் 12.6 வோல்ட் கொடுக்கும் நேரத்தில் இந்த ஒயரின் மறுமுனையில் ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது 10.4 வோல்ட். 130 வாட் ஹீட்டர் அப்போது 98 வாட்டில்தான் வேலை செய்யும். அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடினாலே ஏற்கெனவே குளிர்ந்ததைக் காப்பாற்றும், அவ்வளவுதான். முக்கால் பலத்தில் ஓடினால், தருமபுரி தாண்டி வெயில் ஏறும் நேரத்தில் பால் திரியத்தான் செய்யும்.

“ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தருமே, 12.6 ஏன்?” என்று கேட்பீர்கள். பழைய வண்டிகளில் அப்படித்தான், இன்ஜின் ஓடினால் 14.2 அளவில் நிலையாக நிற்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்ததை ஒட்டி, ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வைத்த வண்டிகள் நம் ஊரில் பெருகிவிட்டன. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, கார் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் இன்ஜின் கம்ப்யூட்டர் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் குறைத்துவிடும். காரை நீங்கள் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் வோல்ட்டை ஏற்றி, வீணாகப் போகும் வேகத்தைக் கரன்டாக்கிக்கொள்ளும். உங்கள் பாதையிலேயே இதைப் பார்க்கலாம். டேஷ்போர்டின் 12 வோல்ட் சாக்கெட்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டரைச் செருகிக்கொண்டு போங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது முள் 12.5, 12.7 என்று படுத்திருக்கும். தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கும்போது 14.8, 15 என்று எழும். இறக்கம் முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மறுபடி விழும். ஆறு மணி நேரப் பயணத்தில் அந்த எழுச்சி எத்தனை நிமிடம் கிடைக்கும்? காருக்கு அது போதும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டாவது பேட்டரிக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

இப்போது உங்கள் பேட்டரிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். டிரெய்லர் பேட்டரி 12.2 வோல்ட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரிலிருந்து கிளம்புவது 12.7. இடையில் இருப்பது அரை வோல்ட் வித்தியாசம். அந்த அரை வோல்ட் 0.2 ஓம் ஒயரில் தள்ளக்கூடிய கரன்ட் இரண்டரை ஆம்பியர்தான். ஃப்ரிட்ஜ் கேட்பதோ 11. மீதி எட்டு ஆம்பியருக்கு மேல் டிரெய்லர் பேட்டரிதான் கொடுக்கிறது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. வழியில் டிபனுக்கு நிறுத்தியிருந்தால், அப்போது ஃப்ரிட்ஜை அணைத்தீர்களா? அணைக்கவில்லை என்றால் அந்த நேரம் 11 ஆம்பியரும் அதன் தலையில்தான். நிறுத்தியதையும் சேர்த்து ஏழு மணி நேரத்தில் 50, 60 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) காலி. 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தாலே அதற்குக் கேடு. கிளம்பும்போது முழு சார்ஜில் இல்லாவிட்டாலோ, கொஞ்சம் பழையது என்றாலோ, பம்ப் நின்றுபோக இது தாராளம்.

சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து போகும் நேரமும் இந்தக் கணக்கில் உண்டு. ஐடிலில் ஆல்டர்னேட்டர் அதன் முழுத் திறனில் பாதி அளவுக்குத்தான் தரும். அதில் காரின் ஏசி புளோவர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எடுத்தது போக மிஞ்சுவதுதான் பின்னால் வரும். விடியும் முன்பே ஓசூர் ரோட்டைத் தாண்டிவிடுவது இதற்கும் நல்லது.

சரி, இதை ஊகமாக விட வேண்டாம், அளந்துவிடுங்கள். ஆனால் எங்கே, எப்போது அளக்கிறோம் என்பதுதான் எல்லாம். கடையில் காட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? பிளக்கைக் கழற்றி, காரின் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து, “14 வோல்ட் வருது சார், பக்காவா இருக்கு” என்பார்கள். கரன்ட் ஓடாதபோது எவ்வளவு மெல்லிய ஒயரிலும் முழு வோல்ட் காட்டும். நடுவே அறுந்து, இரண்டே இழையில் தொங்கும் ஒயர்கூட 14 காட்டும். பிளக்கைச் செருகி, இன்ஜினை ஓடவிட்டு, ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் போட்டு, பத்து நிமிடம் கழித்து ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் டெர்மினலில் அளக்க வேண்டும். அதே நேரத்தில் கார் பேட்டரியிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் தொலைவது. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நன்றாக இருக்கிறது. ஒன்றரை, இரண்டு என்றால் வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள், முதலில் ஒயரைக் கவனியுங்கள். பிளக் பின்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே துரு, அல்லது லூஸ் கனெக்‌ஷன். ஆம்பியர் அளக்க, ஒயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி அளக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏசி கரன்டை மட்டுமே அளக்கும்.

ஒயர் மாற்றுவதென்றால் பேட்டரியிலிருந்து தனியாக 10 ஸ்கொயர் அல்லது 16 ஸ்கொயர் மல்டி ஸ்டிராண்ட் செம்பு ஒயர் இழுங்கள். 10 ஸ்கொயரில் அதே 20 மீட்டருக்கு 11 ஆம்பியரில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். விளக்குப் பிளக்கின் சின்ன பின்களில் இவ்வளவு தடித்த ஒயரைக் கட்ட முடியாது. அதற்கென்று, தடித்த ஒயருக்கான 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் ஒன்றை ஹிட்ச் பக்கத்தில் பொருத்தினால் சுத்தமாக இருக்கும். நெகட்டிவுக்கும் அதே தடிமனில் தனி ஒயர் வேண்டும். டிரெய்லர் மாட்டும், கிரீஸ் பூசிய இரும்புக் குண்டை (டோ பால்) நம்பி சேசிஸ் வழியாக எர்த் எடுப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். காரின் பக்கத்தில் அந்த நெகட்டிவை பேட்டரியின் முனையில் நேராகக் கட்டாமல் பாடி எர்த்தில் கட்டச் சொல்லுங்கள். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டிகளில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டிக் கட்டினால் எவ்வளவு கரன்ட் போகிறது என்பதே காருக்குத் தெரியாமல் போகும். ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும், கார் பேட்டரி அருகில் ஒன்று, டிரெய்லர் பேட்டரி அருகில் ஒன்று. ஒயரின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால், நடுவில் எங்கே உராய்ந்து ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருப்பு வரும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

வோல்ட்டைப் பார்த்து இணைக்கும் ரிலே ஒன்றைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். 13.3 வோல்ட் அளவில் சேர்க்கும், 12.8 அளவில் பிரிக்கும். பழைய ஆல்டர்னேட்டருக்கு அது அருமையான பொருள். உங்கள் கார் புதியது என்றால் வழியின் பெரும்பகுதி அது பிரிந்தேதான் கிடக்கும். உங்களுக்குத் தேவை டிசி டு டிசி சார்ஜர். இதை டிரெய்லர் பேட்டரிக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். காரிலிருந்து 12 வோல்ட்டோ 15 வோல்ட்டோ என்ன வந்தாலும் வாங்கிக்கொண்டு, பேட்டரி கேட்கும் 14.4ஐ நிலையாகக் கொடுக்கும். 20 ஆம்பியர் சார்ஜர் உங்களுக்குப் போதும். ஃப்ரிட்ஜுக்கு 11 போனாலும் மீதி பேட்டரிக்கு ஏறிக்கொண்டே இருக்கும்; ஏற்காட்டில் இறங்கும்போது பேட்டரி கிளம்பியதைவிட நிறைந்திருக்கும். ஆனால் ஒன்று: மெல்லிய ஒயரின் நுனியில் இதைப் பொருத்தினால் நிலைமை மோசமாகும். வோல்ட் குறையக் குறைய இது அதிக ஆம்பியர் இழுத்து ஈடுகட்டப் பார்க்கும், அதனால் ஒயரில் இழப்பு இன்னும் கூடும். ஒயர் முதலில், சார்ஜர் அப்புறம். சார்ஜருக்குச் சாவி சிக்னல் ஒயரையும் கொடுத்துவிடுங்கள், இன்ஜின் நின்றதும் அது தானாக நின்றுவிடும். காலையில் கார் ஸ்டார்ட் ஆகாமல் தவிக்க வேண்டாம்.

லித்தியம் பேட்டரிக்கு மாறும் யோசனை இருந்தால் இந்தச் சார்ஜர் கட்டாயம். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. தடித்த ஒயரில் நேரடியாக இணைத்தால் அது கிடைக்கும் கரன்டை எல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடலாம். வீட்டு யுபிஎஸ்ஸுக்கு வாங்கிய டியூபுலர் பேட்டரியைத் தூக்கி டிரெய்லரில் வைப்பவர்களும் உண்டு. வேண்டாம். அது ஒரே இடத்தில் நிற்பதற்காகச் செய்தது; குலுங்கினால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். மூடிய பெட்டி போன்ற டிரெய்லருக்குள், தூங்கும் இடத்துக்கு அடியில் அதை வைக்கவே கூடாது.

“இவ்வளவு எதற்கு, ஓடும்போது ஃப்ரிட்ஜை கேஸில் போட்டுவிட்டால் போகிறது” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் பின்னால் ஒரு திறந்த தீ எரிந்துகொண்டிருக்கிறது. அதோடு நீங்கள் பெட்ரோல் பங்கில் நுழைவீர்கள். விபத்தில் ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டால் திறந்திருக்கும் சிலிண்டர் வால்வை மூட யாரும் இருக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் இதற்கென்றே மோதினால் தானாக மூடும் ரெகுலேட்டர்கள் இருக்கின்றன; நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் சாதாரண ரெகுலேட்டர்தான். கிளம்பும் முன் சிலிண்டரின் வால்வையே மூடுங்கள், அடுப்பின் குமிழை மட்டும் மூடினால் போதாது.

உண்மையில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் மாற்றம் ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறது. அப்சார்ப்ஷன் வகையால் வெளியே இருக்கும் சூட்டைவிட 20, 25 டிகிரி வரைதான் குறைக்க முடியும். சேலத்தில் மே மாதம் 39 டிகிரி அடிக்கும்போது அது பாலுக்குப் போதாது. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 50 வாட் அளவில் எடுக்கும், அதுவும் பாதி நேரம்தான் ஓடும். சராசரி இரண்டு ஆம்பியர். ஏற்காடு வரை 15 ஆம்பியர்-அவருக்குள் முடிந்துவிடும். காரிலிருந்து ஒரு துளி வராவிட்டாலும் நல்ல பேட்டரி தாங்கும். ஆனால் மெல்லிய ஒயரை இது வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்ட் சட்டென்று 10 அருகே இறங்கினால், பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாடு அதை நிறுத்திவிடும். “டக்” என்று ஒரு சத்தம், சில நொடி உறுமல், அமைதி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி “டக்”. ஃப்ரிட்ஜ் பழுது என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போவார்கள். டிரெய்லருக்குள் பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை போகும் இரண்டு மீட்டர் ஒயரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்த வகையானாலும் முந்தைய இரவே வீட்டில் 230 வோல்ட்டில் குளிரவைத்து, ஏற்கெனவே குளிர்ந்த பொருளையே உள்ளே அடுக்குங்கள்.

ஏசியையும் மைக்ரோவேவையும் ஓடும்போது இயக்க ஆசைப்பட வேண்டாம். 1000 வாட் எடுக்கும் மைக்ரோவேவ் இன்வர்ட்டர் வழியாக 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் அளவில் இழுக்கும். உங்கள் காரின் ஆல்டர்னேட்டர் மொத்தமுமே அந்த அளவுதான் இருக்கும். இழுத்துச் செல்லும்போது டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது, ஆகவே அங்கே ஏசி தேவையும் இல்லை. சோலார் வைக்கலாம். கூரையில் படுத்த நிலையில் 200 வாட் பேனல் நல்ல வெயிலில் 10 ஆம்பியர் அருகே கொடுக்கும், ஓடும்போதும் நிற்கும்போதும். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு அது மிச்சம். அப்சார்ப்ஷனுக்கு உச்சி வெயிலில் மட்டும் ஈடுகொடுக்கும்.

பாலைவிட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. உங்கள் டிரெய்லரில் மின் பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஹிட்ச் கழன்று டிரெய்லர் தனியே ஓடும் நேரத்தில் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் சுவிட்ச், பெரும்பாலும் இந்த டிரெய்லர் பேட்டரியிலிருந்துதான் கரன்ட் எடுக்கும். பேட்டரி காலியாகி நீங்கள் மலை ஏறினீர்கள் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல்தான் ஏறியிருக்கிறீர்கள். ஒயரிங் சரியாகும் வரை ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் போடாமல், ஐஸ் பெட்டியில் பாலை வைத்துக்கொண்டு போங்கள்.

மூன்று எண்களை அளந்து எழுதுங்கள்: ஃப்ரிட்ஜ் ஓடும்போது கார் பேட்டரியில் வோல்ட், அதே நேரம் ஃப்ரிட்ஜ் டெர்மினலில் வோல்ட், காரிலிருந்து டிரெய்லருக்கு வரும் லைனில் ஆம்பியர். கூடவே கார் மாடலையும் பிளக்கில் எத்தனை பின் என்பதையும் சொல்லுங்கள். எத்தனை ஸ்கொயர் ஒயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று சரியாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.